இருமல் நின்ற வீடு

ஜூன் 2

அண்ணிக்கு,

போனை எடுத்தால் நீங்கள் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொல்ல, கடைசியில் யாராவது ஒருவர் படாரென்று வைத்துவிடுகிறோம். போன தடவை வைத்தது நான்தான். எழுதினால் கோபத்தில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதலாம். அதனால் இனிமேல் கடிதம். அவசரம் என்றால் அண்ணன் என்னைக் கூப்பிடட்டும்.

அப்பாவின் இருமல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அங்கே தங்கியிருந்த நாட்களில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை எனக்கு. ஒவ்வொரு இருமலுக்கும் அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். நீங்களோ திரைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தீர்கள். "எப்படி அண்ணி உங்களால தைக்க முடியுது?" என்று நான் கேட்டது தப்பு என்றால் தப்புதான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

காலமெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு அறுத்த மனிதர். ரம்பச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகி, வீட்டில் உப்புக் கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். அந்தத் தகட்டுத் தூசுதான் நுரையீரலில் புற்றாகி இப்போது விலா எலும்பு வரை வந்துவிட்டது. வலிக்கு முதுகில் ஒட்டுகிற பட்டை கொடுத்திருக்கிறார்கள், சரி. இருமலுக்கு என்ன கொடுத்தார்கள்? சளி வெளியே வரட்டும், கொஞ்சம் இருமினால் நல்லது என்று அந்த வலி டாக்டர் சொன்னாராம். கொஞ்சமா அது?

இத்துடன் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். எனக்கு வறட்டு இருமல் வந்தபோது எங்கள் விடுதி டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. குடித்த அன்றைக்கே கப்சிப். பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. படுக்கும் முன் மூடியில் உள்ள கோடு வரை ஊற்றிக் கொடுங்கள். கூடவே வெந்நீர்ப் பையை முதுகில் வைத்து ஒத்தடம் கொடுங்கள், சளி இளகும். நூறு பிள்ளைகளுக்கு வார்டனாக இருப்பவள் சொல்கிறேன், தெரியாமல் சொல்லவில்லை.

இதையாவது செய்யுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 10

வார்டன் அம்மாவுக்கு,

"இதையாவது செய்யுங்கள்" என்று முடித்திருக்கிறாய். மற்றதையெல்லாம் யார் செய்கிறார்கள், பேயா? மாமாவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, எச்சில் கிண்ணம் கழுவுவது, பட்டையைப் பிய்த்து நாள் பார்த்து வேறு இடத்தில் ஒட்டுவது எல்லாம் தானாக நடக்கிறதாக்கும். உன் அண்ணன் ஊரெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போய்விடுகிறார். இந்த வீட்டில் மாட்டிக்கொண்டவளைக் காப்பாற்ற ஒரு மெக்கானிக்கும் வருவதில்லை.

எப்படித் தைக்க முடிகிறது என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளி திறக்கிற நேரம். சீருடைத் துணி கூரை முட்டக் கிடக்கிறது. அளவு கொடுக்கப் பிள்ளையைக் கூட்டி வருகிற தாய்மார்கள் திரைக்குப் பின்னால் இருமல் கேட்டதும் பிள்ளையின் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்புறமா வர்றோம்க்கா" என்று நழுவுகிறார்கள். ஒட்டுகிற நோய் இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்வது? வந்த வேலையையாவது முடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். கல்நெஞ்சக்காரி என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

சண்டையை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் மருந்து வேலை செய்கிறது. கோடு வரை ஊற்றிக் கொடுத்து, முதுகில் ஒத்தடமும் கொடுத்தேன். மாமா அப்படியே உறங்கிப் போனார். விடிந்து பார்த்தால் படுத்தது படுத்தபடியே இருக்கிறார், போர்வை கலையவில்லை. எழுந்ததும் என்னைப் பார்த்து, "என்னம்மா, வீடு மாறிட்டமா? இவ்ளோ அமைதியா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். விலா வலி கூடியிருக்கிறது என்று பட்டையைக் கொஞ்சம் பெரியதாக மாற்றிக் கொடுத்தார் வலி டாக்டர். "வேற ஏதாவது மருந்து குடுக்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இருமல் பாட்டில் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைப் போய் யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? சொன்னால் உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டுவாரோ என்றும் இருந்தது.

நன்றி என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை விடுதிச் சமையல்காரம்மாவிடம்கூடக் காட்டினேன். "வீடு மாறிட்டமா" என்று அப்பா கேட்டதைப் படித்துவிட்டுப் பைத்தியம் போலத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாயிற்று அவர் கிண்டல் பேசி!

இன்னொரு பாட்டிலும் வாங்கி அனுப்புகிறேன். எனக்கு இருமல் திரும்ப வந்துவிட்டது என்று டாக்டரிடம் ஒரு பொய் சொன்னேன், அவ்வளவுதான். பகலிலும் இருமுகிறார் என்றால் காலையிலும் ஒரு மூடி கொடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களும் ஓடமாட்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கிண்டலுக்குத்தான் எழுதினேன்.

நாத்தனார்


ஜூன் 22

வார்டன் அம்மாவுக்கு,

பாட்டில் வந்தது. காலையிலும் கொடுக்கிறேன். இருமல் அடியோடு நின்றுவிட்டது. வாடிக்கைக்காரர்கள் பழையபடி வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது. ஆனாலும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

மாமா எந்நேரமும் தூங்குகிறார். கஞ்சி ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே கண் சொருகிவிடுகிறது. "மாமா, முழுங்குங்க" என்று கன்னத்தைத் தட்ட வேண்டியிருக்கிறது. நேற்று ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தபோது பார்த்தேன், கண்மணி இரண்டும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கின்றன. நெஞ்சுக்குள் களகளவென்று ஒரு சத்தம். சளி உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை. முன்பெல்லாம் இருமி, கிண்ணத்தில் துப்பிவிட்டு, "ஒரு மூட்டை இறக்கியாச்சு" என்பார். இப்போது கிண்ணம் காய்ந்து கிடக்கிறது.

காலை மருந்தை நிறுத்தட்டுமா? நீயே உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல். உன் அண்ணனைக் கேட்டால், "தூங்கறாரே, நல்லதுதானே" என்கிறார்.

அண்ணி


ஜூன் 27

அண்ணிக்கு,

விடுதியில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை. டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை. கேட்கிறேன்.

அதுவரை நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். அப்பா வாழ்க்கையில் என்றைக்காவது நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாரா? இரட்டை ஷிஃப்ட், மூன்றாவது ஷிஃப்ட் என்று உடம்பைச் சாறாகப் பிழிந்தார். இப்போதாவது தூங்கட்டும். அவர் இருமினாலும் பயப்படுகிறீர்கள், இருமாவிட்டாலும் பயப்படுகிறீர்கள். சளிக்கு ஒத்தடத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

நாத்தனார்


ஜூலை 4

அண்ணிக்கு,

அண்ணன் போனில் எல்லாம் சொன்னார். அழுதுகொண்டே சொன்னதில் பாதி புரியவில்லை. மருந்து அதிகமாகிவிட்டது, மூச்சு நிற்கப் பார்த்தது என்பது மட்டும் புரிந்தது.

எப்படி அதிகமாகும்? மூடியில் கோடு இருக்கிறது. குருடிகூடத் தடவிப் பார்த்து ஊற்றலாம். எவ்வளவு கொடுத்தீர்கள்? ஒரு மூடியில் நிற்கவில்லை என்று இரண்டா? யாராவது அளவு கொடுக்க வருகிறார்கள், அதற்குள் கிழவர் வாயை அடைக்க வேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவா? நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறேன் என்பீர்கள். எழுதினால் அடித்துவிடலாம் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். இதை நான் அடிக்கப் போவதில்லை.

இங்கே அம்மை என்று விடுதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. இல்லாவிட்டால் இந்நேரம் உங்கள் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன்.

உண்மையை எழுதுங்கள்.


ஜூலை 7

உன் கடிதம் கிடைத்தது. கோடு வரைக்கும்தான் ஊற்றினேன். ஒரு சொட்டு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நீ சொன்னபடி காலை ஒன்று, இரவு ஒன்று.

நடந்ததை எழுதுகிறேன். அன்று மத்தியானம் கஞ்சி இறங்கவில்லை. நெஞ்சு களகளவென்றது. முதுகில் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு அம்மா மகளோடு வந்தார். அந்தப் பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா, "உங்க மாமனாருக்கு இப்ப தேவலையாக்கா? சத்தமே காணோம்" என்றார். அளவு நாடாவைக் கையில் பிடித்தபடியே திரையை விலக்கினேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமென்று நின்றேன், வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியதும் ஒன்று வந்தது. உதடு நாவல்பழ நிறமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர். இமையைப் பிரித்துப் பார்த்தார், புரட்டிப் போட்டு முதுகைப் பார்த்தார், பட்டை மேல் கை வைத்தார். "சூடு வெச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வேற என்ன குடுத்தீங்க?" "இருமலுக்குத் தண்ணி மருந்துதான் சார்." "மருந்துதான்னு சொல்றீங்களேம்மா" என்று சொல்லிக்கொண்டே பட்டையைப் பிய்த்து எறிந்தார். கையில் ஒரு ஊசி போட்டார்.

அந்த ஊசியை நீ பார்த்திருக்க வேண்டும். போட்ட கொஞ்ச நேரத்தில் மாமா கண்ணைத் திறந்தார். திறந்ததும் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. பட்டையும் தண்ணி மருந்தும் இத்தனை நாள் செய்த வேலையை அந்த ஊசி ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிடுமாம். மூச்சு திரும்பியது. அதோடு வலியும் திரும்பியது, ஒரு மாதமாக அடைத்து வைத்த இருமலும் திரும்பியது. இருமுகிறார், விலா வலிக்கிறது, கத்துகிறார், கத்தினால் இருமல் வருகிறது. நான்கு பேர் பிடித்துக்கொண்டோம். கட்டி கட்டியாகச் சளி வந்தது. அப்புறம் மறுபடி கண் சொருகியது, மறுபடி ஊசி, மறுபடி அதே கத்தல். பட்டையை எடுத்த பிறகும் தோலுக்கடியில் மருந்து இருக்குமாம், ஊசியின் வேலை அதற்கு முன்னால் தீர்ந்துவிடுமாம். கடைசியில் அந்த ஊசி மருந்தையே சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

நடுவில் ஒருமுறை என் கையைப் பிடித்து, "ஏம்மா எழுப்புனீங்க?" என்று கேட்டார். நான் என்ன சொல்லட்டும்? உன்னிடம் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் வலி டாக்டர் வந்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "வலிக்கு ஒண்ணு, இருமலுக்கு ஒண்ணுன்னு நாமதான் பேர் வெச்சிருக்கோம். ரெண்டும் ஒரே இனம்மா. உடம்புல போய் உக்கார்ற இடமும் ஒண்ணுதான். பட்டையே இருமலையும் கொஞ்சம் அடக்கும், அந்தத் தண்ணி மருந்து வலியையும் கொஞ்சம் அடக்கும். ரெண்டும் சேர்ந்தா மூச்சையும் அடக்கும்" என்றார். பட்டை மேல் சூடு பட்டால் மருந்து மடமடவென்று உள்ளே இறங்குமாம். முதல் பட்டையை வாங்கப் போன அன்றே நர்ஸ் சொல்லியிருக்கிறார். வாங்கப் போனது உன் அண்ணன். அவர் ஒட்டுவது எப்படி என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

வாடிக்கைக்காரர்களுக்காக வாயை அடைத்தீர்களா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், அந்த இருமல் நிற்க வேண்டும் என்று நான் வேண்டாத நாளில்லை. அவருக்காகவும் வேண்டினேன், எனக்காகவும் வேண்டினேன். அதில் எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. அதற்காக ஒரு சொட்டு கூட்டி ஊற்றியிருந்தால் என் கை அழுகிப் போகட்டும்.

அண்ணி


ஜூலை 13

அண்ணிக்கு,

நேற்று டாக்டர் அம்மைப் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொல்லி வாங்கிய இரண்டாவது பாட்டில் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னொருத்தர் மருந்து இன்னொருத்தருக்கு எப்படிம்மா குடுப்பீங்க? பிள்ளைங்களுக்கு இப்படித்தான் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். மருந்து அலமாரிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஒத்தடம் நான் சொன்னது. காலை மருந்து நான் சொன்னது. நிறுத்தட்டுமா என்று நீங்கள் கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னவளும் நான். இதில் ஒன்றையும் நீங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லவில்லை என்று அண்ணன் சொன்னார். "நான்தான் வெச்சேன், நான்தான் குடுத்தேன்" என்றீர்களாம். எனக்கு எழுதிய கடிதத்திலும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நான் இரண்டு திட்டு திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்?

நாத்தனார்


ஜூலை 25

வார்டன் அம்மாவுக்கு,

சொல்லிக்காட்டி என்ன ஆகப்போகிறது? கொடுத்தது என் கைதானே.

மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பட்டை இல்லை, தண்ணி மருந்து இல்லை. மார்ஃபின் மட்டும், சின்னச் சின்ன அளவாக, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி வாய்வழியாகக் கொடுக்கிறேன். "இனிமே ஒரே மருந்து, வலிக்கும் அதான், இருமலுக்கும் அதான். வேற எது குடுத்தாலும், தொட்டுக்கிற ஊறுகாயா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க" என்றார் வலி டாக்டர். முதல் வாரம் நன்றாக இருந்தது. இருமல் வந்தது, ஆனால் அடித்துப் போடவில்லை. கிண்ணத்தில் துப்பினார். ஒருநாள் உன் அண்ணனைக் கூப்பிட்டுச் சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று கத்தினார். பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அது ஒரு வாரம்தான். இப்போது நோய் மேலே வந்துவிட்டது. இருமல் வருகிறது, சளியைத் தள்ள உடம்பில் பலமில்லை. முக்கி முக்கி இருமுகிறார், ஒன்றும் வருவதில்லை, கண் பிதுங்குகிறது, மூச்சுக்குத் தவிக்கிறார். தண்ணீரில் முங்கியவர் தவிப்பது போல இருக்கிறது. வலி டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். தோலுக்கடியில் ஊசி வைத்து மார்ஃபினைக் கூட்டிக் கொடுத்து, தூக்கத்துக்கும் ஒன்று சேர்க்கலாம் என்கிறார். இருமல் அடங்கும், தவிப்பு தெரியாது. அநேகமாக அதற்குப் பிறகு நம்மிடம் பேசமாட்டார். நோய்தான் கொண்டுபோகும், மருந்து அல்ல என்கிறார்.

"அன்னைக்கு இதே இனம்தான் மூச்சை நிறுத்துச்சு. இப்ப நீங்களே குடுக்கச் சொல்றீங்களே டாக்டர்?" என்று கேட்டேன். "அன்னைக்கு யாரும் பார்த்துக்கிட்டு இல்ல. இப்ப நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார். மாமாவிடமும் கேட்டார். மாமா என்னைக் காட்டி, "வீட்ல கேளுங்க" என்றார்.

உன் அண்ணன் உன்னைக் கேட்காமல் முடியாது என்கிறார். நானும் அதைத்தான் சொன்னேன். சரி என்று சொல்.

அண்ணி


ஜூலை 28

அண்ணிக்கு,

வேண்டாம். அண்ணனிடம் போனில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று வாயால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை விடுதியைத் திறக்கிறார்கள். அன்றே கிளம்பிவிடுவேன். அதுவரை அப்பா விழித்திருக்கட்டும். ஒரே ஒரு முறை அவர் என்னைப் பார்த்து, எப்போதும் போல, "என்ன வார்டனம்மா, எங்க உன் பிரம்பு?" என்று கேட்கட்டும். என் மருந்து ஏற்கெனவே ஒரு தடவை அவர் வாயை மூடியது. இன்னொரு தடவை என் சம்மதத்தோடு மூட வேண்டாம். அந்தப் பாவத்தையும் என்னால் சுமக்க முடியாது.

இரண்டு மூன்று நாள்தான் அண்ணி. எனக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நாத்தனார்


ஜூலை 30

உன் கடிதம் காலையில் வந்தது. படித்தேன். படித்த பிறகும் டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது என்று இப்போதே எழுதுகிறேன். அவர் திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். நர்ஸ் பக்கத்தில் இருக்கிறார். இருமல் இல்லை.

"தங்கச்சி வந்துரட்டுமே, கேட்டுக்கிட்டாளே" என்றார் உன் அண்ணன். நான் சண்டை போடவில்லை. "நீங்க அவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்து சொல்லுங்க" என்றேன். இத்தனை மாதத்தில் அவர் வேலைக்குப் போவார், வருவார், வாசலில் நின்று, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பார். உட்கார்ந்ததில்லை. இன்று உட்கார்ந்தார். மாமாவுக்கு ஒரு இருமல் வந்தது, முடிவதற்குள் இன்னொன்று வந்தது. காற்றுக்காக அவர் உன் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். உன் அண்ணன் எழுந்து வந்தார், முகத்தில் ரத்தமில்லை. சரி என்று தலையை ஆட்டினார். நான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

அந்த மூன்று நாளை உனக்காக அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார், பெற்ற மகளாயிற்றே. அதனால்தான் நான் கேட்கவில்லை.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. உனக்கு என் மேல் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். முடிந்தால் சீக்கிரம் வா.

அண்ணி


ஆகஸ்ட் 21

அண்ணிக்கு,

நான் வந்த அன்று அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தீர்கள். அங்கே இருந்த நாட்கள் முழுக்க நான் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் தட்டில் சோறு போட்டு வைத்தீர்கள், நான் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன். வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். கிளம்பும்போது உங்களிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் பஸ் நிலையத்தில், "இவ்ளோ கல்மனசாடி உனக்கு?" என்று கேட்டார்.

கல்மனசு இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

இங்கே வந்து யோசித்துப் பார்த்தேன். நீங்கள் செய்தது சரி. நான் அங்கே இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன். சனிக்கிழமை வரும்வரை அவரை இரும விட்டிருப்பேன், எனக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்பதற்காக. அது சரி என்று தெரிகிறது, ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்க்க இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊசி போட்ட பிறகு கடைசியில் அப்பா கண் விழித்தாரா? என்னைக் கேட்டாரா? என் மனசு ஆறட்டும் என்று பொய் எழுதாதீர்கள். பொய் என்றால் உங்கள் கையெழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

நாத்தனார்


ஆகஸ்ட் 29

வார்டன் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை, கேட்டார் என்று எழுதினேன். அப்படி எழுதுவது சுலபம், படிக்க உனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் பொய் வேண்டாம் என்று கேட்டுவிட்டாய்.

கண் விழித்தார். மறுநாள் சாயங்காலம் நர்ஸ் பஞ்சால் உதட்டை நனைத்தபோது இமை திறந்தது. நான் குனிந்து, "மாமா, வலிக்குதா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தார். "மூச்சு முட்டுதா?" அதற்கும் இல்லை. உன் அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தங்கச்சி வந்துக்கிட்டு இருக்கா" என்றார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதற்கப்புறம் திறக்கவில்லை.

உன்னைக் கேட்கவில்லை. உன் அண்ணனைக் கேட்கவில்லை. இத்தனை மாதம் கழுவித் துடைத்த என்னையும் கேட்கவில்லை. முதலில் எனக்கும் அது சுருக்கென்று இருந்தது. பிறகு புரிந்தது. இந்த வீட்டில் அவர் எப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், ஒன்று விலா வலிக்கும், அல்லது இருமல் பிடித்திருக்கும். அன்றைக்கு அவருக்கு எதுவும் வலிக்கவில்லை. யாரும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணி